ஐப்பசிக்குப் பிறகான அதிர்வுகள்

அரியலூருக்குக் கிழக்கே இருந்த அந்தச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை வேட்டு வைக்க மாட்டார்கள். ஆபீசிலும் ஆள் இருக்காது. சர்வரைப் புதிய லினக்ஸுக்கு மாற்ற அதுதான் தோதான நாள் என்று, அதைப் பார்த்துக்கொள்ளும் அருள்முருகன் மார்கழி மாதத்து ஞாயிறு ஒன்றில் காலையிலேயே வந்து உட்கார்ந்தான். மதியத்துக்குள் புது சிஸ்டம் ஏறிவிட்டது. ஆனால் டேட்டா இருந்த பக்கத்தைத் திறந்தால் ஒன்றுமே இல்லை.

அந்தப் பெட்டியில் நான்கு டிஸ்க்குகள். நான்கும் சேர்ந்து ஒரே டிஸ்க் போல வேலை செய்யும். ஒன்று பழுதானால்கூட மற்ற மூன்றை வைத்து எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். இப்போது மூன்றுதான் தெரிந்தன, அவையும் சேர மறுத்தன. வேட்டு வெடிக்கும்போது சுற்றுப்பட்டு ஊர்களில் தரை எவ்வளவு அதிர்கிறது என்று கருவிகள் அளந்து அனுப்பியது முழுக்க அதற்குள்தான் கிடந்தது. பேக்கப் எடுக்கும் டேப் டிரைவ் கெட்டுப்போய் நாளாகிவிட்டது. புதிதாக வாங்கித் தரும்படி கேட்டுப் பார்த்து, சலித்துப்போய் விட்டுவிட்டான்.

எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்திருந்தால்கூட புத்தி தெளிந்திருக்கும். அவன் எழவில்லை. மூன்று டிஸ்க்குகளையும் கட்டாயமாகச் சேர்க்கும் கட்டளையைக் கொடுத்தான். சேர்ந்துகொண்டன. பிழைகளைத் திருத்தட்டுமா என்று திரை கேட்டது. திருத்து என்றான். வரிகள் கடகடவென்று ஓட ஆரம்பித்தன; நிற்கவே இல்லை. ஏதோ தப்பு நடக்கிறது என்று உறைத்து, பதறிப்போய் அவன் நிறுத்தியபோது வெளியே பொழுது சாய்ந்திருந்தது.

மறுநாள் காலை மேனேஜர் அரங்கநாதன் முன்னால் போய் நின்று சொன்னான். திட்டுவார், வேலை போகும் என்றுதான் நினைத்திருந்தான். அவர் நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க தம்பி. சுத்தமாப் போயிடுச்சா?"

"இன்னும் பாக்கணும் சார். கொஞ்சம் டயம் குடுத்தா…"

"எதுக்கு? மெஷின் கெட்டா மனுசன் என்ன பண்ண முடியும்? மொத்தமா ஃபார்மட் பண்ணிட்டுப் புதுசா ஆரம்பிங்க. வியாழக்கிழமை ஆபீசருங்க விசாரணைக்கு வராங்க. இல்லாததை யாரும் கேக்க மாட்டாங்க. உங்க மேல ஒண்ணும் வராம நான் பாத்துக்கறேன்."

அறையை விட்டு வெளியே வந்தபோது அவனுக்கு மூச்சு லேசாக வந்தது. தப்பித்தோம் என்று இருந்தது. அந்த நிம்மதி சர்வர் ரூம் கதவைத் திறக்கும் வரைதான் நின்றது.

விசாரணை எதற்கென்று அவனுக்குத் தெரியாதா என்ன? சுரங்கத்தை ஒட்டிய ஊரில்தான் அவன் அக்கா மலர்க்கொடி வாழ்க்கைப்பட்டிருந்தாள். கார்த்திகையில் ஒருநாள் வேட்டு வெடித்த கையோடு அவள் வீட்டு மேற்குச் சுவர் சரிந்து, மாமா உத்திராபதியின் இடுப்பில் விழுந்தது. இன்னும் படுத்த படுக்கைதான். ஊரே திரண்டு அரியலூருக்குப் போய் கலெக்டரிடம் மனுக் கொடுத்தது. அன்றைக்குத் தரை எவ்வளவு அதிர்ந்தது என்பது இந்தப் பெட்டிக்குள் வந்து விழுந்திருக்கும். அவன் திறந்து பார்த்ததே இல்லை. காப்பதுதான் தன் வேலை, படிப்பது இல்லை என்றிருந்தான்.

ஃபார்மட் செய்யவில்லை. பழைய சிஸ்டம் எழுதி வைத்திருந்த பதிவுகளை வரிவரியாகப் பார்த்தான். விஷயம் புரிந்தது. டிஸ்க்குகளில் ஒன்று ஐப்பசியிலேயே விலகிப்போயிருந்தது. பெட்டி சத்தமில்லாமல் மூன்றை வைத்தே ஓடியிருக்கிறது. நல்ல டிஸ்க் ஒன்றைப் புது சிஸ்டத்துக்கு அடையாளம் தெரியவில்லை. அதற்கான டிரைவர் மென்பொருளை ஏற்றியிருந்தால் போதும். அவனோ ஐப்பசியோடு நின்றுபோன டிஸ்க்கைக் கொண்டுவந்து நல்லவற்றோடு சேர்த்து, திருத்து என்றும் சொல்லியிருந்தான்.

டிரைவரை ஏற்றினான். இந்த முறை முதலில் ஒவ்வொரு டிஸ்க்கையும் அப்படியே நகல் எடுத்தான். நகல்களில் சரியான மூன்றைச் சேர்த்து, எதுவும் எழுத முடியாதபடி திறந்தான். வந்தது. ஐப்பசி வரை ஒரு அளவு விடாமல் வந்தது. அதற்குப் பிறகு ஃபைல்களின் பெயர்கள் மட்டும் வரிசையாக நின்றன. திறந்தால் குப்பை. கார்த்திகை முழுவதும் குப்பை.

புதன்கிழமை அரங்கநாதனிடம் போய் உள்ளதைச் சொன்னான். அவர் முகம் இறுகியது.

"நான் என்ன சொன்னேன், நீங்க என்ன செஞ்சிருக்கீங்க?"

ஆனாலும் பிரிண்ட் எடுத்திருந்த தாள்களை வாங்கிப் புரட்டினார். புரட்டப் புரட்ட இறுக்கம் தளர்ந்தது. ஐப்பசி வரை எல்லா அளவும் வரம்புக்குள் இருந்தது. வேட்டு வைக்கும் காண்ட்ராக்டர் மாறியதும், வெடிமருந்தைக் கூட்டியதும் அதற்குப் பிறகுதான்.

"பரவால்ல. இதுவே போதும்," என்று சிரித்தார்.

வியாழக்கிழமை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விசாரணை. அரங்கநாதன் தாள்களை அதிகாரியிடம் நீட்டி, "எங்க சிஸ்டம் ஆளு கஷ்டப்பட்டு மீட்டுக் குடுத்தது சார். ஒரு நாள்கூட வரம்பு தாண்டல, நீங்களே பாருங்க," என்றார். கூட்டத்தில் மலர்க்கொடி தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

அருள்முருகன் எழுந்தான்.

"சார், அது ஐப்பசி வரைக்கும்தான். அதுக்கப்புறம் உள்ளது என் தப்பால அழிஞ்சிடுச்சு. அழிஞ்சதால அதிர்வு கம்மியா இருந்துச்சுன்னு அர்த்தம் இல்லைங்க சார். அதுக்குப் பெறவுதான் காண்ட்ராக்டர் மாறுனாங்க."

"அழிஞ்சுதா, அழிக்கச் சொன்னாங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "எவ்வளவு குடுத்தாங்கடா?" என்று இன்னொன்று. அதிகாரி மேசையைத் தட்டி அடக்கிவிட்டு அவன் சொன்னதை எழுதிக்கொண்டார். இனி ஊருக்குள்ளேயே ஊராட்சியின் பொறுப்பில் ஒரு கருவி வைக்கவேண்டும், மருந்தைக் குறைக்கவேண்டும் என்று உத்தரவானது. விழுந்த சுவருக்கும் உடைந்த இடுப்புக்கும் ஆதாரம் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சுரங்க கேட்டில் செக்யூரிட்டி அவனை உள்ளே விடவில்லை. அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனான். சரிந்த பக்கம் தார்ப்பாய் கட்டியிருந்தது. உத்திராபதி படுத்தபடியே, "வா மாப்ள. நீ எந்திரிச்சி சொல்லலேன்னா அந்தக் கருவியும் வந்திருக்காது," என்றார். மலர்க்கொடி சோறு போட்டாள்.

"தெரியாமப் பண்ணிட்டேன்க்கா."

"தெரியாமத்தான்டா பண்ணியிருப்ப. எனக்குத் தெரியும். ஊருல நான் எத்தன பேருகிட்ட சொல்லுவேன்?" குழம்புச் சட்டியை மூடி வைத்தாள். "பொங்கச் சீரு எடுத்துக்கிட்டு நீ வராத. வேற யாருகிட்டயாவது குடுத்துவுடு. பேச்சு அடங்கட்டும்."

அவன் சாப்பிட்டு முடித்து, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினான்.

பொங்கலுக்கு முதல் நாள் சொந்த ஊரான வேப்பந்தட்டையில் அவனே கரும்பை வெட்டிக் கட்டினான். அரிசியும் வெல்லமும் வாழைத்தாரும் மூட்டையாயின. சீரைக் கொண்டுபோகும் சித்தப்பா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், கரும்புக்கட்டை மேலே தூக்கிப் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். பஸ் புறப்பட்டது. நீ ஏன் வரவில்லை என்று சித்தப்பா ஜன்னல் வழியாகக் கேட்டதற்கு, இன்டர்வியூ இருக்கிறது என்று சொல்லிவிட்டான்.