வளையம் இல்லாத மரம்

என் புருஷன் லெஸ்மோரைப் புதைத்த அன்று அவர் குழிக்கும் கடலுக்கும் நடுவே முப்பது அடி மணல் இருந்தது. எட்டு வருஷத்தில் அது பன்னிரண்டு அடி ஆகிவிட்டது. கடல் தின்றது பாதி. கட்டடக்காரர்களுக்காக விடியற்காலையில் வந்து மணல் அள்ளும் களவாணிகள் தின்றது மீதி. வடக்கு வரிசையில் மூன்று சவப்பெட்டிகள் ஏற்கெனவே அலையோடு போய்விட்டன. அவரையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு நான் எந்த முகத்தோடு இந்தக் காரியாக்கூ தீவில் நடமாடுவது?

அதனால்தான் அவர் போன மறு வருஷமே, மணலைப் பிடித்து நிறுத்த, மஞ்சினீல் மரம் நட்டேன். பழம் பார்க்கச் சின்ன ஆப்பிள், வாசனையும் அதேதான். ஒரு கடி கடித்தால் தொண்டை வெந்து வீங்கிவிடும். உதிர்ந்ததை இடுக்கியால் பொறுக்கி, சதை அழுகும்வரை வாளித் தண்ணீரில் போட்டு, கொட்டையை மட்டும் எடுத்து மணலில் ஊன்றினேன். ஒன்பதில் ஐந்து பிழைத்தன. வேர் நன்றாகவே மணலைப் பிடித்தது. வனத்துறை ஆல்பன் வந்து பார்த்துவிட்டு, ஊரெல்லாம் மா நடும், யூட்ரிஸ் அக்கா மட்டும் விஷம் நடும் என்று கேலி பேசினான்.

இலையைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். பளபளப்பாக இருக்கும், நடுவில் மஞ்சள் நரம்பு ஓடும், இலையும் காம்பும் சேருகிற இடத்தில் குண்டூசித் தலை அளவு ஒரு புள்ளி இருக்கும். ஆனால் எங்கள் ஊரில் இலையை யார் பார்க்கிறார்கள்? அடிமரத்தில் வனத்துறை பூசிய சிவப்பு வளையம் இருந்தால் மஞ்சினீல், இல்லாவிட்டால் அது நிழல். பிறந்ததிலிருந்து அப்படியே பழகிவிட்டோம்.

மரம் ஆள் உயரம் தாண்டியதும் ஆல்பன் பெயிண்ட் டப்பாவோடு வந்தான். வைத்துவிட்டுப் போ, நானே அடித்துக்கொள்கிறேன் என்றேன். அடிக்கவில்லை. வேண்டுமென்றேதான் அடிக்கவில்லை. மழை வரும், களவாணிகள் மரத்தடியில் ஒதுங்குவார்கள், இலையில் வழிகிற பால் அவர்கள் முதுகில் சொட்டும், நன்றாக வேகட்டும் என்று நினைத்தேன். இப்போது மாற்றிச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இந்த வருஷம் கல் விருந்து வைப்பதாக இருந்தது. இறந்தவரின் தலைமாட்டில் கல் நிறுத்தி, ரம் தெளித்து, ஆடு அடித்து, ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட வேண்டும். அதுவரை அவருக்கு நிம்மதி கிடையாது. எனக்கும்தான். அவர் தம்பி ஆன்செல்ம் கொத்தனார். கல்லும் மேடையும் தன் பொறுப்பு, நான் எதிலும் தலையிடக் கூடாது என்று சொல்லிவிட்டான். நல்ல பிள்ளை. அண்ணன் போன பிறகு என் கூரை ஒரு தடவைகூட ஒழுகாமல் பார்த்துக்கொண்டவன்.

ஜூன் மாதம், முதல் மழை. விடிந்தும் விடியாமலும் மீன்காரி ஐனா என் கதவைத் தட்டினாள். கல்லறைக் கரையில் மணல் அள்ள வந்த எவனோ கண்ணைப் பொத்திக்கொண்டு உருண்டானாம், அவள் புருஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறானாம். சிக்கினாயா பாவி என்று என் வயிறு குளிர்ந்தது. அதை மறைக்க மாட்டேன். யார் என்று கேட்டேன். ஐனா என் கையைப் பிடித்துக்கொண்டு ஆன்செல்ம் என்றாள்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்த பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். அவனுடைய தள்ளுவண்டி அங்கே கவிழ்ந்து கிடந்தது. மழை விட்டிருந்தது. ஈர மரத்தைப் பழந்துணியால் துடைத்துத் துடைத்து ஐந்துக்கும் வளையம் போட்டேன். அவசரத்தில் ஒன்றுகூட நேராக வரவில்லை. அதன் பிறகுதான் அவனைப் பார்க்கப் போனேன்.

தோளெல்லாம் கொப்புளம். இரண்டு கண்ணிலும் கட்டு. இடது கண்ணில் வெளிச்சமாவது தெரியலாம், வலது கண்ணுக்கு நம்பிக்கை இல்லை என்று நர்ஸ் வெளியிலேயே சொல்லிவிட்டாள். என் காலடி கேட்டதும் அவன் தலையைத் திருப்பினான்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. கடையில மணல் தீந்துபோச்சு, கப்பல் வர பத்து நாளாகும்னான். அண்ணனுக்குத்தானேன்னு மூணே மூணு சாக்கு அள்ளினேன்."

"பேசாம படு."

"மழைக்கு ஒதுங்கறப்ப பாத்துட்டுத்தான் அண்ணி ஒதுங்கினேன். அந்த மரத்துல வளையம் இருந்துச்சா?"

என் நகத்தில் சிவப்பு ஒட்டியிருந்தது. சட்டென்று கையைப் பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டேன், அவனுக்குத் தெரியப்போவதுபோல.

"இருந்துச்சு" என்றேன்.

அவன் கண்கட்டைத் தொட்டுப் பார்த்தான்.

"அப்ப நான்தான் சரியா பாக்கல" என்றான். "சாக்கு மூணும் அங்கதான் கெடக்கும். யாரையாவது விட்டு எடுத்துடுங்க அண்ணி. கல்லு நிக்கணும்."