வலப்பக்கத்து இருக்கை

டீச்சர் வண்டியின் முன் இருக்கையில் கைப்பையை வைத்து, அதன்மேல் குடையைச் சாத்தி, அதுவும் போதாதென்று ஸ்வெட்டரையும் கழற்றிப் போட்டாள். கொத்தனார் வாசற்படியில் ஊன்றுகோலோடு நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பாதங்கள் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. சிறுநீரகம் பழுதான மனிதர், குறித்த நாள் தவறாமல் மருத்துவமனைக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். போன தடவை போகவில்லை. காரணம் இதே இருக்கைதான்.

"பின்னாடி தாராளமா கால நீட்டி உக்காரலாம், ஐயா."

"நீங்க காசு வாங்காம வர்றவங்க. பின்னாடி உக்காந்தா உங்கள வாடகை வண்டிக்காரராக்கின மாதிரி ஆயிடும். எங்க ஊர்ல அது மரியாதை இல்ல," என்றார் கொத்தனார். "இடம் இல்லேன்னா விடுங்க. நான் வரல."

கால் வெடித்தாலும் மரியாதை குறையக்கூடாது என்று சில பேர் இருக்கிறார்கள். அவர்களோடு மல்லுக்கட்டி யார் ஜெயித்தது?

டீச்சர் இந்த நாட்டுக்குத் தொண்டு செய்ய வந்தவள். நோயாளிகளை ஏற்றிப்போய் இறக்கிவிடும் வேலை. கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக்காரர் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்ட, இடப்பக்கம் உட்கார்ந்து குறை சொல்லியே பழகியவள். இங்கேயும் அதே இடப்பக்கம்தான், ஆனால் ஸ்டியரிங் அவளுக்கு முன்னால் இருந்தது. முதல் நாள் வண்டியைக் கிளப்பியபோதே வலப்பக்கம் அவர் இருந்தார். கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். "டீச்சர், கியர மாத்து. இஞ்சின் அழுவுது பாரு," என்றார். வீட்டிலும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். கண்ணை மூடினபிறகு ஊரில் ஒரு கனவில்கூட எட்டிப்பார்க்காத மனுஷன், விசாகூட இல்லாமல் இவ்வளவு தூரம் வந்து தன் பழைய இடத்தில் சட்டமாக உட்கார்ந்துவிட்டார். அங்கே வேறொருவர் உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவார், போனால் திரும்ப வரமாட்டார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. யாரிடம் சொல்ல முடியும் இதை?

கொத்தனார் சுவரைப் பிடித்தபடி வீட்டுக்குள் திரும்ப ஆரம்பித்தார். ஒவ்வோர் அடிக்கும் முகம் சுளித்தது. இன்றும் போகாவிட்டால் மூச்சுத் திணறும் என்று தொண்டு அலுவலகத்துப் பெண் சொல்லியிருந்தாள். டீச்சர் ஸ்வெட்டரை எடுத்தாள். குடையை எடுத்தாள். கைப்பையை எடுக்கும்போது, "கொஞ்சம் நகருங்க," என்று வாய்க்குள்ளேயே சொன்னாள். அப்புறம்தான், "ஐயா, வாங்க," என்று கூப்பிட்டாள்.

வழியெல்லாம் அவள் காது வலப்பக்கமே இருந்தது. கொத்தனார் தான் கட்டிய வீடுகளைக் காட்டிக்கொண்டு வந்தார். கடைசியில் அவரும் ஓய்ந்துபோனார். திருப்பத்தில் டீச்சர் வேண்டுமென்றே கியரைக் கரகரவென்று போட்டாள். ஒரு வசவுக்காகத்தான். ஒன்றும் வரவில்லை.

சிக்னலில் சிவப்பு. வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். கொத்தனாரின் தலை மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கும் சிக்னல்தான். பச்சை விழுந்தும் வீட்டுக்காரர் வண்டியை எடுக்கவில்லை. பின்னாலிருந்து ஊரே ஹாரன் அடித்தது. "பச்சை போட்டாச்சு, தூங்குறீங்களா?" என்று எரிந்து விழுந்து அவர் தோளைத் தட்டினாள். தட்டிய வேகத்தில் அப்படியே கதவுப்பக்கம் சாய்ந்தார். கை மட்டும் ஸ்டியரிங்கில் இருந்தது.

பச்சை விழுந்தது. இந்த ஊரில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. அடித்தால் வைதமாதிரி. பின்னால் வண்டிகள் வரிசையாகச் சத்தமில்லாமல் காத்து நின்றன. கொத்தனாரின் தோள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தொட்டுப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. கூப்பிடலாமென்றால் குரல் எழும்பவில்லை. ஒருவராவது ஹாரன் அடித்துத் தொலைக்கக்கூடாதா?

உள்ளங்கை முழுதையும் வைத்து அவளே அழுத்தினாள்.

பாதசாரிகள் திரும்பினார்கள். பின் வண்டியிலிருந்து ஒருவர் தலையை நீட்டினார். கொத்தனார் திடுக்கிட்டு விழித்து அவளைப் பார்த்தார், பிறகு கண்ணாடி வழியே சாலையைப் பார்த்தார்.

"என்ன டீச்சரம்மா, முன்னாடி யாருமே இல்லையே. யாரக் கூப்புடுறீங்க?"

அவளுக்குக் கையை எடுக்க மனம் வரவில்லை. பச்சை போய் மறுபடியும் சிவப்பு விழுந்தது. ஹாரன் ஒலித்துக்கொண்டே இருந்தது.