முப்பது நாள், முப்பது பிரதி

பாட்டுப் பதிவுக்கூடத்துப் பெரியவர் வாக்குக் கொடுத்தால் அதற்கு மேல் பேச்சில்லை. "உங்க குரல் எங்க வீட்டுச் சொத்து மாதிரிம்மா. முப்பது பிரதி இருக்கு" என்று பாடகியம்மாவிடம் அவர் சொன்னது, அந்த அம்மாளுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடப்பதற்கு முந்தின வாரம். இப்போது அவருக்குக் குரல் இல்லை. நோட்டில் எழுதிக் காட்டுகிறார்.

கடைசியாகப் பாடியதைக் கேட்க வந்து முன்னறையில் காத்திருந்தார். மூலப்பதிவு இருந்த டிஸ்க் நேற்று ராத்திரி செத்துவிட்டது. அதனாலென்ன, நாளுக்கொன்றாக முப்பது பிரதி இருக்கிறதே என்று பெரியவர் நிமிர்ந்த முதுகோடு உள்ளே போனார்.

கணினியைக் கவனித்துக்கொள்ளும் மருமகன் நேற்றைய பிரதியைத் திறந்தார். பாட்டு இரண்டாம் அடியில் கரகரத்து நின்றது. முந்தின நாளுடையதும் அதே இடத்தில். அதற்கு முந்தினதும்.

"என்ன மாப்ள, எல்லாம் ஒரே கால்ல நொண்டுது?"

"எல்லாமே ஒண்ணுதான் மாமா. மாறாத ஃபைலைப் பிரதி எடுக்கற சாஃப்ட்வேர் மறுபடி எழுதாது. பழசுக்கே இன்னொரு பேர் வெச்சுட்டுப் போயிடும். அதான் தினம் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது, இடமும் அடைக்கல. வாசல் முப்பது, உள்ள ரூம் ஒண்ணு. அந்த ரூம்தான் இடிஞ்சிருக்கு."

"இதை அப்பவே சொல்லாம வாய்க்குப் பூட்டா போட்டிருந்தீங்க?"

"சொன்னேனே. இன்னொரு டிஸ்க்ல எடுத்து உங்க தம்பி வீட்ல வைக்கலாம்னேன். 'அவன் வாசப்படிய மிதிச்சுப் பத்து வருஷமாச்சு, நம்ம பொருள் போய் அங்க ஒண்டணுமா'ன்னு குதிச்சது யாரு?"

தான் சொன்னது பெரியவருக்கு நினைவிருந்தது. அதில் இன்றும் அவருக்குத் தப்புத் தெரியவில்லை; அதுதான் நெஞ்சை அறுத்தது.

"மெஷின் கோளாறுன்னு நான் சொல்லிக்கறேன் மாமா."

"வேணாம். வாக்குக் கொடுத்தது நான்."

சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு முன்னறைக்குப் போய், நின்றபடியே சொன்னார். "உங்க பாட்டு போயிடுச்சும்மா. தப்பு எங்க வீட்டுது. நேத்து எடுத்த பிரதி ரெண்டாம் அடியிலயே நின்னுடுது."

பாடகியம்மா எழுதி நீட்டினார்: 'மீதி இருபத்தொன்பது?'

வாசலையும் ரூமையும் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார் பெரியவர். நீட்டிய நோட்டு இறங்கவில்லை.

"மாப்ள, ஸ்பீக்கரை இங்க கொண்டாங்க. ஒவ்வொண்ணாப் போடுங்க."

ஓர் அடி, அரை அடி, கரகரப்பு. பாடகியம்மா விரலை உயர்த்தினார்: அடுத்தது. பெரியவர் உட்காரவில்லை. பதினோராவது பிரதியில், பாட்டு நிற்பதற்குச் சற்று முன்னாலேயே, அதுவரை பாட்டோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்த அந்த அம்மாளின் உதடுகள் மூடிக்கொண்டன. விரல் மட்டும் மறுபடி உயர்ந்தது.