மச்சான் இன்னும் கத்தியை மடக்கவில்லை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யை ஆரம்பித்தது பக்கத்துப் பண்ணை ஒனோரே. அவருக்கு அடுத்துத் தட்டியவன் நான்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "பிரான்ஸின் சவோய் மலைகளின் மேல் அந்திப் பொன்னொளி ஒரு கத்தியின் அலகைப் போல மெல்ல வெளிப்பட்டு—"

(வேண்டாம். அன்று மழை. அலகு லேசில் வெளிப்படவில்லை; அதுதானே கதை.)

2

மாமனார் இறந்து ஓராண்டுப் பூசை முடிந்து சாப்பாடு. அவருடைய நாற்காலியில் மச்சான் செலஸ்தேன். லியோன் நகரில் உணவகம் வைத்திருக்கிறார். அதன் சுவரில் புல் அரிவாள், மாட்டு மணி, மாமனாரின் பழைய தொப்பி. மச்சான் மாடு கறந்ததில்லை. கறப்பவள் அவர் தங்கை, என் மனைவி சோலாஞ்ச். மேட்டு மேய்ச்சல் நிலத்தில் தன் பங்கை அவளுக்கு எழுதித் தருவதாகச் சொல்லித்தான் வந்திருந்தார். அது கிடைக்காவிட்டால் கோடையில் மாடுகளுக்குப் போக்கிடமில்லை, விற்க வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் பெரியவர் தன் மடக்குக் கத்தியைத் திறந்தால்தான் மற்றவர்கள் சாப்பாட்டில் கைவைக்கலாம். அவர் மடக்கினால் எல்லாரும் எழுந்துவிட வேண்டும். அதற்குமேல் பேச்சும் கிடையாது.

மச்சான் அப்பாவின் மரப்பிடிக் கத்தியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார்.

"இது எப்பவும் என் நெஞ்சோட ஒட்டியே இருக்கும்," என்றார்.

அலகும் பிடியோடு ஒட்டியே இருந்தது.*

* ஈரம் பட்டால் மரம் ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும். பிடியின் பின்முனையை மேசையில் ஓங்கித் தட்டினால் அலகு எட்டிப் பார்க்கும். இங்கே பால்பல் விழாத பிள்ளைக்கும் இது தெரியும். (நெஞ்சோடு ஒட்டியிருந்த கத்தி லியோனில் பாத்திரம் கழுவும் எந்திரத்துக்குள் போய்வந்ததாம். பிறகு தெரிந்தது.)

3

நகத்தால் இழுத்தார். பல்லை வைக்கலாமா என்று யோசித்தார். சோளமாவுக் களி ஆறியது. சாஸேஜில் கொழுப்பு வெளுத்தது. நாங்கள் கூரையை ஆராய்ந்தோம்.

[இந்த இடத்தில் சந்தேகம்: ஒரு மனிதர் இவ்வளவு வெத்துவேட்டாக இருப்பாரா? தோளுக்குப் பின்னால் நின்று படித்த சோலாஞ்ச் சொன்னாள்: "எங்கண்ணன் கெட்டவன் இல்ல. அதையும் எழுது." எழுதிவிட்டேன்.]

அந்த நாற்காலியில் இருப்பவருக்குக் கத்தி திறக்கச் சொல்லிக்கொடுத்தால், எழுந்திரு என்று சொன்ன மாதிரி. பசி பொறுக்காத ஒனோரே தன் கத்தியை எடுத்து மேசையில் ஓங்கித் தட்டினார்.

"போனவருக்காக!"

நான் தட்டினேன். சோலாஞ்ச் தட்டினாள். மேசையே தட்டியது. மச்சானும் கண்கலங்கித் தட்டினார். அலகு வந்தது.

"அப்பா காலத்துப் பழக்கமா இது?"

"உங்க தாத்தா காலத்துலேர்ந்தே இருக்கு தம்பி," என்றார் ஒனோரே, சாஸேஜைப் பார்த்தபடி.

"யாருமே எனக்குச் சொல்லலியே!"

"சொல்லிக்குடுத்தா வருமா? ரத்தத்துல இருக்கணும்."

4

பாலாடைக்கட்டி வந்தபோது மச்சான் எழுந்தார்.

"இப்படியொரு மரபை விட்டுட்டுப் போக மனசு வரல. சோலாஞ்ச், மேட்டு நிலத்துல என் பங்கை நானே வச்சுக்கறேன். அங்க ஒரு விடுதி கட்டறேன். வர்றவங்க எல்லாரும் சாப்பாட்டுக்கு முன்னால கத்தியத் தட்டணும்!"

ஒனோரே மேசைக்கடியில் எதையோ தேடினார். எனக்குக் காது சுட்டது.

உண்மையைச் சொன்னால் நிலம் பிழைக்கலாம். மரபும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கத்தி சிக்கிக்கொண்டது, பாவம் பார்த்தோம். ஆனால் அதை இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும். அவர் கண்ணில் இன்னும் ஈரம்.

முடிவு அ: சோலாஞ்ச் சொல்கிறாள். மச்சான் வாய்விட்டுச் சிரித்து, அவளை— (சிரிக்க மாட்டார்.)

முடிவு ஆ: நான் சொல்கிறேன். (எழுதவே கை கூசுகிறது. அந்த நேரத்தில் நான் இந்தக் காட்சிக்கு ஒரு நல்ல வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன்.)

முடிவு இ: நடந்தது. அதை எழுத மாட்டேன்.

5

இங்கேயே நிறுத்துகிறேன். மச்சான் உட்கார்ந்துவிட்டார், அவர் கட்டைவிரல் அலகின் முதுகில் இருக்கிறது. சோலாஞ்ச் வாயைத் திறந்து, "அண்ணா..." என்கிறாள். கத்தி மடங்கினால் நாங்கள் எழுந்துவிடுவோம், அவள் மாடுகளும் போய்விடும். இன்னொரு வரி எழுதினால் மடக்கியவன் நான்தான்.

மேசையில் உங்களுக்கும் ஓர் இடம் இருக்கிறது. அங்கே கத்தியைத் தட்டாதவர் நீங்கள் ஒருவர்தான்.

நீங்களாவது சொல்லுங்கள்.