ஆல்ட்டோ வரிசையின் உண்மை வரலாறு

பல்கலைக்கழகச் சேர்ந்திசைக் குழுவுக்கு நாற்பது வயது நிறைந்தது. விழா மலருக்கு வரலாறு எழுதும் பொறுப்பு துணை நூலகரின் தலையில் விழுந்தது. விழுந்தது என்பது சும்மா அடக்கத்துக்கு. அவராகத்தான் இழுத்துப் போட்டுக்கொண்டார். பெண்களில் கீழ்க்குரலில் பாடும் ஆல்ட்டோ வரிசையில் இருபத்திரண்டு வருடம் நின்றவர். வேறு யாருக்குத் தகுதி?

பழைய கூட்டக் குறிப்பேடுகளைப் புரட்டினார். முதல் கச்சேரியில் பாடியவர்கள் பன்னிரண்டு பேர், கேட்டவர்கள் ஒன்பது பேர். இரண்டு ஆண்கள் சண்டை போட்டுக்கொண்டு, மூன்று வருடம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமலே சுருதி சேர்த்திருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே வந்தவர், தான் சேர்ந்த வருடத்துப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

'துணை நூலகர் குரல் தேர்வில் தேறவில்லை. தாளத்துக்கு முன்னே ஓடுகிறார். ஆனால் ஒத்திகைக்கு வேறு இடமில்லை. வாசிப்புக் கூடத்தின் சாவி அவரிடம்தான். சேர்த்துக்கொள்ளத் தீர்மானம்.'

அவருக்குக் காது சூடாகிவிட்டது. இத்தனை வருடம் தன்னைப் பாடகி என்று நினைத்துக்கொண்டிருந்தாரே! அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அன்று மாலை ஒத்திகையில், குழுவை நடத்தும் இசைப் பேராசிரியரின் மேசையில் சாவியை நங்கென்று வைத்தார்.

"இந்தாங்க சார். குழுவுக்கு வேண்டியது இதுதானாமே. நான் கிளம்பறேன்."

பேராசிரியர் வாயைத் திறப்பதற்குள் படியிறங்கிவிட்டார்.

வாசலில் குடையை விரிக்கும்போது மேலே பாட்டு ஆரம்பித்தது. ஆல்ட்டோ நுழைய வேண்டிய இடம் வந்தது, சத்தமே இல்லை. திரும்ப ஆரம்பித்தார்கள். அதே இடத்தில் அதே மௌனம். மூன்றாம் முறை ஒருத்தி மட்டும் கீச்சென்று நுழைந்து, பயந்துபோய் நிறுத்திக்கொண்டாள்.

அதே வரிசையில் பாடும் பல் டாக்டர் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"அக்கா, மேல வாங்க! நீங்க எப்பவும் அரைத் தாளம் முந்தித்தானே நுழைவீங்க? அதைக் கேட்டுத்தான் நாங்க சரியா நுழைவோம். எங்களுக்குத் தாளம் எண்ணவே தெரியாதுக்கா!"

தான் முந்துவது ஊருக்கே தெரிந்திருக்கிறது! வெட்கமாக இருந்தது. இனி அந்தப் பேச்சுக்கே இடம் வைக்கக் கூடாது என்று மேலே போனார். விரல் விட்டு எண்ணி, மயிரிழை பிசகாமல் நுழைந்தார். ஆல்ட்டோ வரிசையில் மற்ற அத்தனை பேரும் அவரைக் கேட்டு அரைத் தாளம் பிந்தி நுழைந்தார்கள்.

பேராசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எப்பவும் போல தப்பாவே பாடுங்க!"

அவரை யாரும் அதுவரை அப்படிப் புகழ்ந்ததில்லை.