மேல்வீடு எடுபட்டுவிட்டது

செயின்ட்-மிஷேலில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் முப்பது கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். தோல் நிறத்தைப் பற்றி மனம்விட்டுப் பேச வேண்டுமாம். நான் போனது ஹெயிட்டிப் பெண்கள் கொண்டுவரும் இறைச்சி அடைத்த பற்றிஸுக்காக. ஆனாலும் மைக்கைக் கண்டால் என் கை சும்மா இராது. எண்பத்தாறில் இந்த நாட்டுக்கு வந்து வாடகை வீடு தேடி அலைந்த கதையை எடுத்துவிட்டேன். என் நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தியவர்கள் உண்மையில் ஏழு பேர். என் பிரெஞ்சில் அது நானூறு ஆனது. குளிரையும் மைனஸ் அறுபதுக்கு இறக்கினேன். இரண்டு கன்னியாஸ்திரிகள் கண்ணைத் துடைத்தார்கள்.

அப்போது ஹென்றி எழுந்தார். ஹெயிட்டிக்காரர், பஸ் ஓட்டுநர். பூசையில் எனக்குப் பின்வரிசை வாங்கிலிருந்து சமாதானம் சொல்லிக் கைகுலுக்குபவர்.

"முசியே யோசெப், மார்ச்சில் உங்கள் மேல்வீட்டை வாடகைக்குக் கேட்டு ரெலிபோன் எடுத்தேன். எடுபட்டுவிட்டது என்றீர்கள். இது ஜூன். ஜன்னலில் இன்னும் திரைச்சீலைகூட இல்லை. நான் தட்டியது நானூற்றோராவது கதவா?"

தமிழ்க் கடையில் வாடகை நோட்டீசை 'எங்கட ஆக்களுக்கு மட்டும்' என்று தமிழில் எழுதி ஒட்டியிருந்தேன். தமிழ் எழுத்தைவிடப் பெரிய பூட்டு உண்டா என்ற நினைப்பு. ஹென்றியோடு பஸ் ஓட்டும் தமிழர் ஒருவரே என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்.

தமிழ்ச் சங்கத் தலைவர் குணரத்தினம் என் காதுக்குள் குனிந்தார். "அண்ணை, தங்கச்சி குடும்பம் வருகுது எண்டு சொல்லுங்கோ. எங்கட மானம் போகுது."

நல்ல பொய்தான். வாய்வரை வந்தது. ஆனால் அந்த ஏழாவது கதவுக்காரியும் சிரித்துக்கொண்டேதான் எடுபட்டுவிட்டது என்றாள். ரெலிபோனில் நானும் அதே சிரிப்பைத்தான் சிரித்திருந்தேன்.

"பொய் சொன்னேன், ஹென்றி. வீடு சும்மா கிடக்கிறது. நாளைக்கு வந்து பாருங்கள்."

வாசலில் குணரத்தினம் மறித்தார். "எல்லாருக்கும் முன்னால எங்கட ஆக்களைக் காட்டிக் குடுத்திட்டியள்!"

"என்னைத்தானே காட்டிக் குடுத்தனான். உமக்கேன் சுடுது?"

"இனி ஒரு கலியாணத்துக்கும் கூப்பிடமாட்டம்."

"கூப்பிடாதேங்கோ. என்ர சுகராவது இறங்கட்டும்."

நேரே கடைக்குப் போய் நோட்டீசைக் கிழித்தேன். கடை முழுக்க என்னையே பார்த்தது, கத்தரிக்காய்கள் உட்பட. செய்தி எனக்கு முன்னமே எட்டியிருக்க, எங்கள் கீழ்வீட்டில் என் மனைவி மாக்கிரட் காத்திருந்தாள். "அந்த மனிசனுக்கு வீட்டைக் குடுங்கோ எண்டு மூண்டு மாசமா நான் சொல்லேக்க கேக்காத காது, மைக்கில சொன்னாத்தானோ கேக்கும்?"

மறுநாள் ஹென்றி மனைவியோடு வந்தார். சுவரைத் தட்டினார். தரையில் அழுத்தி நடந்தார். "கீழ்வீட்டில் இருப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள்?" என்று முகத்தைத் திருப்பாமல் கேட்டார்.

கேள்வியை மாக்கிரட்டுக்குத் தமிழில் சொன்னேன். "மனிசி தங்கம். மனிசன்தான் பொய்யன் எண்டு சொல்லுங்கோ" என்றாள். அதையும் மொழிபெயர்த்தேன். ஹென்றியின் மனைவி சிரித்துவிட்டாள். ஹென்றி சிரிக்கவில்லை.

"யோசித்துச் சொல்கிறேன்" என்றவர் குளியலறைக்குள் போய்ச் சுடுதண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டார். நீரில் ஒரு விரலை நீட்டி வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், சூடு வரும்வரை நின்றார். நான் கதவுக்கு வெளியே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.