வாலோடு ஒரு மீன்

1
இந்தக் கதை ஒரு நாற்றத்தில் பிறந்தது. குடும்பக் காதல் கதை எழுதுகிறவள் ஒப்புக்கொள்ளக் கூடாத விஷயம்தான். லிண்டன் ஊர்ப் பக்கத்துப் பால்பண்ணை ஒன்றின் ஓடையில், மீன்குஞ்சுப் பண்ணை கொடுத்த செத்த சால்மன் மீன்களை ஒரு சனிக்கிழமை முழுக்க வீசினேன். கடலிலிருந்து ஓடைக்கு ஏறிவந்து, முட்டையிட்டுச் சாகும் மீன் அது. அழுகி ஓடைக்கு உரமாகட்டும் என்று. நாங்கள் தொண்டர்கள். காசு கொடுத்தால் யாரும் இதைச் செய்ய மாட்டார்கள்.

2
முதல் தொடக்கம்: "பனி மூடிய கரையில் நெல்டாவின் கண்கள்…"

(வேண்டாம். நெல்டாவின் கையில் கத்தி இருந்தது. வீசும் ஒவ்வொரு மீனின் வாலையும் வெட்டுவது அவள் வேலை. இல்லாவிட்டால் பிறகு ஓடையில் எத்தனை மீன் திரும்பியது என்று எண்ண வருகிறவர்கள், இது கடலிலிருந்து தானாக வந்த மீன் என்று புல்லரித்துப்போவார்கள்.)

3
நிலம் அவள் கணவன் கெரிட்டுடையது. அவள் நச்சரித்ததால் ஓடைக்கரையில் வேலி போட்டு, மாடுகளைத் தடுத்து, மரம் நட இடம் விட்டான். ஐந்து வருடத்துக்குள் ஒரு மீனாவது வரவேண்டும். வராவிட்டால் வேலியைப் பிடுங்கிவிடுவான். வரும் வியாழக்கிழமை நன்றி விருந்துப் பண்டிகை. கெடு அன்றோடு சரி.

"என்னம்மா, உன் விருந்தாளிங்க வந்தாச்சா?"

"நீ இப்படி முறைச்சுக்கிட்டு நின்னா யாரு வருவா?"

"என் மாடுங்க வருமே. கூப்பிடவே வேணாம்."

(இவனை வில்லனாக்கப் பார்த்தேன். ஆனால் கோடையில் வாடிய மரக்கன்றுகளுக்கு யாருக்கும் தெரியாமல் டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியவன் இவன்தான். பாத்திரங்கள் இப்படித்தான் காலை வாரிவிடும்.)

4
கெடு நாளன்று வேலியைப் பிடுங்கக் குறடோடு இறங்கிய கெரிட், ஒரு மரக்கட்டைக்கு அடியில் செத்த சால்மன் ஒன்றைப் பார்த்தான். வாலோடு.

"இதை வெட்ட மறந்துட்டியா?"

"நான் எதையும் மறக்கல."

"அப்போ மறக்காமலே விட்டியா?"

நெல்டா கத்தியை மேலங்கியில் துடைத்தாள்.

5
முடிவு ஒன்று: மீன் கடலிலிருந்தே வந்தது, இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். என் பதிப்பாளருக்குப் பிடிக்கும். நடுவில் அழுகிய மீன் இருப்பது அவருக்குத் தோன்றாது.

முடிவு இரண்டு: நெல்டா வேண்டுமென்றே வாலை விட்டுவைத்தாள். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவள் சொன்ன முதல் பொய். முதல் என்று எனக்கு எப்படித்…

6
நடந்தது இவ்வளவுதான். மீன் எண்ணுகிறவர்களின் வண்டி பண்ணைக்குள் திரும்பியது. கெரிட் குறடைக் கீழே போட்டான்.

"கத்தியக் குடு."

கொடுத்தாள்.

வாலை வெட்டினால் மீன் வரவில்லை என்று கணக்கு; வேலி போகும். விட்டால் வந்துவிட்டது; வேலி நிற்கும். அவன் குனிந்திருக்கிறான், முதுகு மறைக்கிறது. நாற்றம் போகவில்லை, நான் மூன்றாவது முறையாகக் குளிக்கப் போகிறேன். நீங்கள் எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.